கல்லில் சாமி குடிவந்த கதை

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது மண்டகப்பட்டு. ஊரை ஒட்டிய பாறையொன்றைக் குடைந்து, முகப்பில் இரண்டு தூண்களை விட்டு, உள்ளே மூன்று கருவறைகள் எடுத்திருக்கிறார்கள். வாசலின் இருபுறமும் காவலர் இருவர் நிற்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாயிற்காவலர் வரிசையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். அந்த முகப்பில், பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் ஒரு சின்னக் கல்வெட்டு உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்குமாக விசித்திரசித்தன் என்ற அரசன் இலட்சிதாயதனம் என்னும் இந்தக் கோயிலை எடுப்பித்தான் என்கிறது அது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர்களில் ஒன்று. காலம், 6ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில்.

கோயில் எடுத்தவர்கள் எதைக்கொண்டு எடுத்தோம் என்றுதான் எழுதிவைப்பார்கள். இந்த அரசன் எதெது இல்லாமல் எடுத்தேன் என்று அடுக்குகிறான். நான்கு பொருள்களை மறுத்துச் சொன்னவன், கையிலிருந்த ஒரே பொருளான கல்லின் பெயரைக் கல்வெட்டில் எங்குமே சொல்லவில்லை. மண்டகப்பட்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அந்த நான்கு மறுப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சொல்லாமல் விட்ட ஐந்தாவதை யோசிக்க யோசிக்க, இந்தக் கோயில் பிறந்த கதை வேறொரு இடத்தில் தொடங்குவதாக எனக்குப் படுகிறது.

பாடப்புத்தகங்கள் இதை அழியாமையின் கதையாகச் சொல்கின்றன. செங்கல் சரியும், மரம் உளுக்கும், தீப்பிடிக்கும். அதனால் அரசன் கல்லுக்குப் போனான். உண்மைதான். ஆனால் அது இவ்வளவு எளிய விஷயமாக இருந்தால், தமிழர்கள் ஏன் அத்தனை நூற்றாண்டு காத்திருந்தார்கள்? பிகாரின் பராபர் குன்றுகளில் அசோகன் காலத்திலேயே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பாறையைக் கண்ணாடிபோல் இழைத்துக் குகைகள் எடுத்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கார்லேயும் அஜந்தாவும் வந்துவிட்டன. பாதாமியின் மூன்றாம் குகை 578இல் முடிந்ததை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தமிழ்நாட்டிலும் உளி தெரியாதவர்கள் யாரும் இல்லை. மாங்குளத்திலும் மற்ற மதுரைக் குன்றுகளிலும் சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கைகள் வெட்டி, பக்கத்தில் தமிழி எழுத்தில் கொடுத்தவர் பெயரையும் பொறித்தவர்கள் நம்மவர்கள். நம் பாறை தக்காணத்துப் பாறையைவிடக் கடினமானது என்பதும் ஒரு காரணமே. மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகளைப் பார்த்தால் அந்தப் பாடு புரியும்: பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே ஆழமாகக் காடி வெட்டி, மிச்சம் நிற்கும் மேடுகளை ஒவ்வொன்றாக உடைத்து, அங்குலம் அங்குலமாக உள்ளே போயிருக்கிறார்கள். ஆனாலும் கடினம் என்ற ஒன்றே ஒரு நாட்டை இத்தனை காலம் தடுத்திருக்காது.

இந்தியத் தொல்லியல் துறையில் இருந்த கே.ஆர். சீனிவாசன், பல்லவர் குடைவரைகளை ஒவ்வொன்றாக அளந்து 1964இல் ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கல் இறந்தவர்களுக்கு உரியதாக இருந்தது. சாவோடு ஒட்டிக்கிடந்த பொருளில் சாமிக்கு வீடு எடுக்க மனம் ஒப்பவில்லை.

இந்த வட்டாரத்தைச் சுற்றிவந்தால் அவர் சொன்னது கண்ணுக்கே தெரியும். விழுப்புரம் மாவட்டத்து உடையாநத்தத்தில், ஈமக்காட்டில், ஆள் உருவத்தில் தோள் விரித்து ஒரு பெரிய பலகைக்கல் நிற்கிறது. விசிறிப்பாறை என்கிறார்கள். அதற்கு முகம் இல்லை. செத்தவர்களைப் புதைத்த இடத்தில் வட்டமாகக் கற்களை அடுக்கிய பெருங்கற்கால மக்கள் வைத்த கல். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கும் இடம் அது. அங்கே ஒரு பாறையில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நிசீதிகை, நினைவிடம், இது என்று பழைய வட்டெழுத்துத் தமிழில் பொறித்திருக்கிறது. வயிற்றை ஒடுக்கி அந்த மனிதர் எண்ணிய நாட்களை அவருக்குப் பின் வந்தவர்களும் எண்ணிக் கல்லில் காத்திருக்கிறார்கள். மேற்கே செங்கம் பக்கம் போனால் நடுகற்கள், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும். தெற்கே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் எழுத்தே தமிழி. ஒன்றில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரும், இது அவன் கல் என்பதும் இருக்கிறது. கல் என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரோ இறந்திருக்கிறார் என்று விளங்கியிருக்கிறது அந்தக் காலத்தில்.

தொல்காப்பியம் இதற்கு முறையே வகுத்துவைத்தது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதுவரை ஆறு நிலைகள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் ஏறத்தாழ இதே வரிசையில்தான் காதை காதையாக நகர்கிறது. கண்ணகிக்குக் கல் எடுக்க ஒரு சேரன் இமயம்வரை போகிறான். கண்ணகி பத்தினித் தெய்வம் ஆவதற்குமுன் அவளும் ஒரு கல்லாக வேண்டியிருந்தது.

அப்படியானால் உயிரோடிருக்கும் சாமிகள் எங்கே இருந்தார்கள்? மரத்திலும் மண்ணிலும் சுவரிலும். ஊர்ப் பொதுவிடமான பொதியிலில் நட்ட மரத்தூணைக் கந்து என்று வணங்கினார்கள். மாலையில் அதற்கு விளக்கேற்றியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அகநானூற்றின் ஒரு பாட்டில் பாழடைந்த கோயில் ஒன்று வருகிறது: செங்கல் சுவர், விழுந்துகிடக்கும் விட்டம், சுவரில் தீட்டியிருந்த கடவுள் விட்டுப் போய்விட்டதால் பலி இல்லாத திண்ணை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிப்பட்ட முருகன் கோயிலும் அடித்தளத்தில் செங்கல்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு: மகேந்திரன் அடுக்கிய நான்கும், மக்கள் மனத்தில் கோயில் என்றால் இருக்கவேண்டிய நான்கு. அந்தக் கல்வெட்டு அவர்களை நோக்கிப் பேசுகிறது என்றே நான் படிக்கிறேன்.

கல்லைப் பற்றிய அந்தத் தயக்கத்தை ஒரு மனிதர் யோசித்து முடிவெடுத்து அடைந்திருக்க முடியாது. நடுகல் நிற்கும் பக்கம் ஓடும் குழந்தையின் கையைத் தாய் ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கிறாள். காரணம் சொல்வதில்லை. அந்த இறுக்கத்தில் குழந்தைக்கு எல்லாம் வந்துவிடுகிறது: இங்கே சத்தம் போடக் கூடாது, இந்தப் பக்கம் காலை நீட்டக் கூடாது, இங்கே யாரோ இருக்கிறார். பிறகு அந்தக் குழந்தை பெரியவளாகித் தன் குழந்தையின் கையை இறுக்குகிறாள். அச்சமும் துக்கமும் மரியாதையும் கலந்த அந்த உணர்வு இப்படித்தான் உடம்புக்கு உடம்பு கைமாறி, ஓர் ஊர் முழுவதற்கும் ஒரே உணர்வாக நிற்கிறது.

உணர்ச்சி என்பது நெஞ்சுக்குள்ளே பூட்டிக்கிடக்கும் தனிச்சொத்து என்று இன்று நாம் நினைக்கப் பழகிவிட்டோம். தொல்காப்பியர் அப்படி நினைக்கவில்லை. எட்டு உணர்ச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் வைத்து, முப்பத்திரண்டாக்கி, செய்யுள் இலக்கணத்தோடு சேர்த்துவிட்டார். அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று வேறொன்றாக மாறுதல். உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிந்து, பார்ப்பவருக்கும் பட வேண்டும். பட்டால்தான் அது மெய்ப்பாடு. நான் அழுவதை நீ அறிவாய், ஏனென்றால் எதற்கு அழுவது என்பதை நாம் இருவரும் ஒரே இடத்தில் கற்றோம். இழவு வீட்டில் இது வெட்டவெளிச்சம். புதிதாக வாசலில் நுழையும் பெண் வட்டத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் தோளில் கைபோட்டு ஒப்பாரியில் சேர்கிறாள். அவள் அழுவது கிடத்தியிருப்பவருக்காக மட்டும் இல்லை. போன வருடம் போன தன் தாய்க்காகவும், கைக்குழந்தையாகவே போன தங்கைக்காகவும்தான். அவளை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அழுகைக்கு அந்த வட்டம் பொது இடம்.

கல்லுக்கும் அப்படி ஒரு பொது இடம் இருந்தது. அதில் எனக்கு மிக நெருக்கமானது சுமைதாங்கி. கர்ப்பிணியாக இருந்தபோதே ஒரு பெண் இறந்துபோனால், அவள் நினைவாகப் பாதையோரத்தில் இரண்டு கல் நட்டு, தோள் உயரத்தில் குறுக்கே ஒரு பலகைக்கல்லைக் கிடத்துவார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை, அந்த வழியே வருகிறவர்கள் தங்கள் தலைச்சுமையை இறக்கிவைத்து இறக்க வேண்டும். விறகுக் கட்டு, நெல்மூட்டை, தயிர்ப் பானை, எதுவாகவும் இருக்கலாம். வருகிறவர்களுக்கு அவளைத் தெரியாது. பெயர் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் தலையிலிருந்து சுமை இறங்கி, கழுத்தைத் திருப்பி, ஒரு பெருமூச்சு விடும்போது அவளுடைய சாவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தின் துயரத்தை ஊருக்கும் ஊரைக் கடந்துபோகிறவருக்கும் பிரித்துக்கொடுக்க இதைவிட அன்பான ஏற்பாட்டை நான் அறியேன். லாரியும் டிராக்டரும் வந்தபிறகு தலைச்சுமை குறைந்தது. சாலை அகலப்படுத்தும்போது சுமைதாங்கிகள் பெயர்த்தெறியப்படுகின்றன. நெடுஞ்சாலைக்காரர்களுக்கு அது மூன்று கல்.

இந்த உணர்வின் நடுவில்தான் மகேந்திரன் உளியை ஓங்கினான். அவன் காலத்திலேயே நடுகற்களும் நட்டுக்கொண்டேயிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் இறந்துபட்டதைச் சொல்லி, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்து அங்கேயே காத்து நின்றதையும் சொல்கிறது அந்தக் கல். வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசனுக்கு எத்தனையோ பட்டப்பெயர்கள் கல்லில் ஏறின. அதே ஆட்சியில் ஒரு நாயின் பெயரும் ஏறியது. எந்த அரசாணையும் இல்லாமல், வருத்தம் மட்டுமே வைத்து ஏற்றியது.

மகேந்திரன் கூட்டத்தின் மனம் அறிந்தவன். மத்தவிலாசப் பிரகசனம் அவன் எழுதிய நகைச்சுவை நாடகம். காஞ்சிபுரத் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி ஒருவர்மேல் பழிபோட்டுச் சண்டை பிடிக்கிறான்; கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். ஆயிரம் பேரை ஒரே இடத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு, ஆயிரம் பேர் ஒரே இடத்தில் தயங்குவதும் தெரிந்திருக்கும். மண்டகப்பட்டில் அவன் எவ்வளவு தூரம் துணிந்தான், எங்கே நின்றான் என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டைக் கல்லில் எடுத்தான். காவலரைக் கல்லில் நிறுத்தினான். மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக இருக்கின்றன. உள்ளே இருந்தவை சுவரோவியமாகவோ சுதையாகவோ மரமாகவோ இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சாமிக்குக் கல் வீடு கொடுத்தவன், அந்த வீட்டுக்குள் சாமியின் உடம்பைக் கல்லாக்க அவசரப்படவில்லை. அது தயக்கம் என்றால் ஊரின் தயக்கம். அரசனும் அந்த ஊரில்தான் வளர்ந்தான்.

இதுவே தமிழகத்தின் முதல் குடைவரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டியை முந்தியதாகக் கொள்கிறவர்களும் உண்டு. எது முந்தியது என்பதைவிட, மண்டகப்பட்டுக்குப் பிறகு அது நிற்கவே இல்லை என்பது பெரிய செய்தி. பக்கத்திலேயே தளவானூர், அப்பால் சீயமங்கலம், மாமண்டூர், மகேந்திரவாடி, வல்லம், பல்லாவரம், காவிரிக்கரையில் திருச்சிராப்பள்ளி. திருச்சியில் கங்கையைத் தாங்கும் சிவனையே பாறையில் செதுக்கிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் தயக்கம் எங்கே போயிற்று?

உளியால் மட்டும் போயிருக்காது. இதே மண்ணில், பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த ஒருவர் அப்போது பாடிக்கொண்டிருந்தார். திருநாவுக்கரசர். திருவதிகையில் அக்கா திலகவதியார் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்துகொண்டிருக்க, சூலைநோய் தாங்காமல் அங்கே வந்து விழுந்து பாடத் தொடங்கியவர். அவருக்குப் பின்னால் அடியார் கூட்டம் ஊர் ஊராகப் போயிற்று. கோயில் வாசலில் நின்று பாடி, பாடிக் கண்ணீர் விட்டு, பக்கத்தில் நிற்பவரின் கண்ணீரைப் பார்த்து மேலும் அழுதார்கள். தமிழ்நாடு அதற்குமுன் கல்லுக்கு முன்னால் அழாமல் இல்லை. அழுதது இறந்தவருக்காக. இப்போது உயிரோடு எதிரே இருப்பதாக நம்பிய ஒருவருக்காக அழுதது. கண்ணீர் அதே கண்ணீர், நின்ற இடம் அதே கல்லுக்கு முன்னால். அழுத காரணம் மாறியது. தொல்காப்பியர் சொன்ன அழுகை நான்கில் இதற்கு இடமே இல்லை.

இந்த மாற்றத்தை மக்கள் நினைவு ஒரு கதையில் பத்திரப்படுத்தியிருக்கிறது. அப்போது சமணனாக இருந்த பல்லவ அரசன் நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான். கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டான். கல் தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது. கடலூரில் இன்றும் அந்த இடத்தைக் கரையேறவிட்ட குப்பம் என்கிறார்கள். பிறகு மனம் திரும்பிய அரசன், பாடலிபுத்திரம் என்று அழைக்கப்பட்ட திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருளைக்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். அதனால்தான் அந்த அரசன் இவனே என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இடிபட்ட பள்ளிகளில் இருந்தவர்களுக்கும் துக்கம் இருந்திருக்கும்; திருநாதர்குன்றில் 57 நாட்களை எண்ணிக் காத்தவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்துப் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தப் பெரியபுராணக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அரசன் முதன்முதலாகக் கல்லைக் கோயிலாக்கினானோ, அவன் காலத்துக் கதையில்தான் கொல்லக் கட்டிய கல் உயிர்காக்கும் தெப்பமாகிறது. கல்லைப் பார்த்து ஒரு நாடு கொண்டிருந்த உணர்வு திரும்பியதை இதைவிடத் தெளிவாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

அதற்குப்பின் வேகமாக நடந்தது. மாமல்லபுரம் வந்தது. பல்லவ அரசன் இராஜசிம்மன் கல்லைக் குடைவதை விட்டு, கல்மேல் கல் அடுக்கிக் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலையும் விழுப்புரம் பக்கம் பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலையும் கட்டினான். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். சோழர் காலத்தில் கல்லுக்கும் சாவுக்கும் இருந்த பழைய உறவு திரும்பியும் வந்தது: இறந்த அரசரின் இடத்தில் லிங்கம் வைத்துப் பள்ளிப்படை எடுத்தார்கள். தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக இராஜராஜன் மேல்பாடியில் எடுத்தது அப்படிப்பட்டது. இன்னொரு பக்கம், செங்கத்திலும் தருமபுரியிலும் பழைய வீரர்களின் நடுகற்கள் வேடியப்பன் என்று பெயர் வாங்கிப் பொங்கலும் படையலும் பெறுகின்றன. பெயர் மறந்துபோன மாட்டுக்காவலர்கள், எந்த அரசனின் தயவும் இல்லாமல், நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கையால் சாமி ஆனார்கள்.

ஆனாலும் சாமியின் கல்லும் சாவின் கல்லும் ஒன்றாகிவிடவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் ஒருவர் இறந்தால், காரியத்துக்கு ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ சின்னக் கற்களை நடுகிறார்கள். இறந்தவர் அந்தக் கல்லில் இருப்பதாக எண்ணி எண்ணெய் வைத்து, சீயக்காய் வைத்து, குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். பங்காளிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பால் ஊற்றுகிறார்கள். பிறகு கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்துக்குத் தீட்டு. ஊர்க் கோயில் வாசலை மிதிப்பதில்லை. தேர் வீதியில் வந்தாலும் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். யாரும் அவர்களைத் தடுக்க வாசலில் நிற்பதில்லை. அவர்களே போவதில்லை, மற்றவர்களும் அதை எதிர்பார்ப்பதில்லை. காரியம் முடிந்தபின் தலை முழுகி, உறவின் முறையார் முன்னால் நடக்க, விளக்கெண்ணெயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு குடும்பமாகக் கோயிலுக்குப் போய் விளக்கேற்றி வருகிறார்கள்.